கைக்கடிகாரம் இல்லாத 88 பேர்

என் லேப்டாப்பில் "நேரம் கிடைக்கும்போது" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமாக, படிக்க வேண்டும் என்று தோன்றிய புத்தகங்கள், கட்டுரைகள், பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்திருக்கிறேன். டெலிவரி, ரிலீஸ், நள்ளிரவு கால் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஃபோல்டர்தான் எனக்கு ஒரு நம்பிக்கை. ஒருநாள் நேரம் கிடைக்கும், உட்கார்ந்து எல்லாவற்றையும் படிப்பேன் என்று.

போன வருஷம் நேரம் கிடைத்தது. பதினேழு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எச்.ஆர். அழைத்தார். இருபது நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. என் வேலையில் குறை ஒன்றும் இல்லையாம், என் "ரோல்" இல்லாமல் போய்விட்டதாம். மதியத்துக்குள் மெயில் அக்சஸ் போய்விட்டது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் பிள்ளையார் பொம்மையையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த ஃபோல்டரை நான் திறக்கவே இல்லை. இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வேலை இருந்தபோது ராத்திரி பதினொரு மணிக்குக்கூட பத்துப் பக்கம் படித்தவன், நாள் முழுக்க ஓய்வாக இருக்கும்போது ஏன் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை, நான் திறக்காமல் வைத்திருந்த அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது. 1933-இல் வெளிவந்த ஒரு சின்னப் புத்தகம். ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற ஊரில் வேலை போன தொழிலாளர்களைப் பற்றியது. வேலையிழப்பு மனிதனை என்ன செய்கிறது என்று ஒரு ஊரையே எடுத்து ஆராய்ந்த முன்னோடி நூல் அது. படித்து முடித்தபோது எனக்கு இரண்டு உணர்வுகள் வந்தன. ஒன்று, அப்பாடா, இது என் ஒருத்தனுடைய சோம்பேறித்தனம் இல்லை. இன்னொன்று, கொஞ்சம் பயம்.

ஆலையும் ஊரும்

மரியன்டால், வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நொய்சீடல் என்ற கிராமத்தை ஒட்டி இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு. 1830-இல் ஹெர்மன் டொடெஸ்கோ என்பவர் அங்கே ஒரு நூற்பாலையைத் தொடங்கினார். ஆலை வளர வளர, அதைச் சுற்றி ஒரே மாதிரியான தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக வந்தன. நூற்பு, நெசவு, வெளுப்பு, அச்சு என்று எல்லா வேலைகளும் அங்கேயே நடந்தன. தாத்தா, அப்பா, மகள் என்று மூன்று தலைமுறை ஒரே ஆலையில் வேலை செய்த குடும்பங்கள் உண்டு. நம் ஊரில் பின்னி மில்லைச் சுற்றிப் பெரம்பூர், புளியந்தோப்பு வளர்ந்த கதையைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை.

1920-களில் ஊர் சுறுசுறுப்பாக இருந்தது. தொழிலாளர் நூலகம், நாடகக் குழு, விளையாட்டுச் சங்கங்கள், அரசியல் கூட்டங்கள் எல்லாம் இருந்தன. ஆலை முதலாளியின் மாளிகைத் தோட்டம் ஊர்ப் பூங்காவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு அங்கே உலாவப் போவார்கள்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1929 ஜூலையில் நூற்பாலைப் பகுதியை மூடினார்கள். ஆகஸ்டில் அச்சுப் பகுதி, செப்டம்பரில் வெளுப்புப் பகுதி. 1930 பிப்ரவரியில் கடைசித் தறிகளும் நின்றன. கொஞ்ச நாளில் கட்டடங்களை இடிக்க ஆரம்பித்தார்கள். இடிக்கிற வேலைக்கு எடுக்கப்பட்டவர்களும் பழைய தொழிலாளர்களில் சிலர்தான்! தாங்கள் வேலை செய்த இடத்தைத் தாங்களே உடைத்தார்கள். மிச்சமுள்ளவர்கள் ஜன்னலைத் திறந்தால் தெரிந்தது செங்கல் குவியலும் துருப்பிடித்த எந்திரத் துண்டுகளும்.

ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். அவர்களில் முக்கால்வாசிக் குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை நம்பி இருந்தன. அந்தத் தொகையும் நிரந்தரம் இல்லை. குறிப்பிட்ட வாரங்கள் வரை உதவித்தொகை, அதற்குப் பிறகு அதைவிடக் குறைவான அவசர உதவி, அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. நடுவில் ஏதாவது சின்ன வேலை செய்து சம்பாதித்தால் உதவித்தொகை நிறுத்தப்படும். தெருவில் ஹார்மோனிகா வாசித்துச் சில்லறை வாங்கியதற்காக ஒருவருக்கு உதவி நின்றது. வீடு வீடாகப் பால் ஊற்றியதற்காக ஒரு பெண்ணுக்கு நின்றது. சும்மா இருந்தால்தான் சோறு என்பது சட்டம்.

ஆராய வந்தவர்கள்

1931-இல் வியன்னாவில் ஒரு இளைஞர் கூட்டம் பொருளாதார உளவியல் ஆய்வு மையம் ஒன்றை நடத்தி வந்தது. அதை நடத்திய பால் லாசர்ஸ்ஃபெல்டுக்கு வயது முப்பது. தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராயலாம் என்பது அவர் எண்ணம். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பாவரிடம் போய்ச் சொன்னார். பாவருக்கு எரிச்சல். இத்தனை பேருக்கு வேலையே இல்லை, நீங்கள் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராயப் போகிறீர்களா, வேலையில்லாதவர்களைப் பற்றி ஆராயுங்கள் என்றார். மரியன்டாலைக் காட்டியதும் அவர்தான்.

களப்பணி 1931 கடைசியிலும் 1932 தொடக்கத்திலும் நடந்தது. நூலின் பெரும்பகுதியை எழுதியவர் மாரி யாஹோடா. களப்பணி தொடங்கியபோது அவருக்கு 24 வயது. ஹான்ஸ் ஸைசல் இன்னொருவர். லோட்டெ டான்ஸிங்கர் என்ற பெண் அந்த ஊரிலேயே தங்கி வீடு வீடாகப் பேசினார்.

இவர்கள் தங்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். யாரும் வெறும் பார்வையாளராக ஊருக்குள் போகக்கூடாது, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையோடுதான் போக வேண்டும். அதனால் வியன்னாவில் பழைய துணிகளைச் சேகரித்து, பழுது பார்த்து, ஊர்க் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இலவச மருத்துவ ஆலோசனை, தையல் வகுப்பு, பெண் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு எல்லாம் நடத்தினார்கள். அந்தப் பழக்கத்தில் மக்கள் மனம் திறந்து பேசினார்கள்.

எண்கள்மேல் எனக்குக் கிறுக்கு உண்டு. அதனால் இவர்கள் என்னவெல்லாம் எண்ணினார்கள் என்று பார்த்தபோது அசந்துபோனேன். நூலகத்தில் எத்தனை புத்தகம் வெளியே போனது, யார் எந்தப் பத்திரிகையை நிறுத்தினார்கள், வீட்டில் வாரத்துக்கு எத்தனை வேளை இறைச்சி, பள்ளிக்கூடப் பையில் பிள்ளை என்ன சாப்பாடு கொண்டுவருகிறது, கிறிஸ்துமஸுக்கு என்ன கேட்கிறது என்று எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறார்கள்.

உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். வருவதற்கு முந்தின நாள் பார்த்தால், பாதிப் பிள்ளைகளின் பையில் வெறும் காய்ந்த ரொட்டி, அல்லது ஒன்றுமே இல்லை. வந்த மறுநாள் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லோருடைய பையிலும் ஒழுங்கான சாப்பாடு. கிறிஸ்துமஸ் ஆசைகளுக்கு விலை போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டதன் மதிப்பு சராசரி 36 ஷில்லிங். மரியன்டால் பிள்ளைகள் கேட்டது 12 ஷில்லிங். அதையும் பல பிள்ளைகள் நேராகக் கேட்கவில்லை. அப்பா அம்மாவிடம் பணம் இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்பேன் என்ற ரீதியில் எழுதியிருந்தார்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வழக்கமாகப் பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே பட்டியல் போடுகிறவள், இந்த முறை "ஒண்ணும் வேணாம்பா, போன வருஷ டிரஸ்ஸே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றைக்கு, பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தைப் படித்தபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நூலகம் காலியானது

இனி என் ஃபோல்டர் விஷயத்துக்கு வருகிறேன். மரியன்டால் தொழிலாளர்களுக்கு இப்போது நாள் முழுக்க நேரம். நூலகம் முன்பு கட்டணம் வாங்கியது, இப்போது அதுவும் இல்லை. அப்படியானால் வாசிப்பு கூடியிருக்க வேண்டும் அல்லவா? 1929-இலிருந்து 1931-க்குள் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிட்டது. கட்சிப் பத்திரிகைகளின் சந்தாவும் விழுந்தது. பணம் இல்லை என்பது முழுக் காரணம் இல்லை. வேலையில்லாதவர்களுக்கு விலை குறைத்துக் கொடுத்த பத்திரிகைக்கும் வாசகர்கள் குறைந்தார்கள். ஊர்ப் பூங்கா, பராமரிக்க ஆள் இல்லாமல் புல் மண்டிக் கிடந்தது. ஆள் இல்லாமல் என்று சொல்வதே தப்பு, ஊர் முழுக்க ஆள்தான்!

அந்தக் காலத்து இடதுசாரிகளில் பலர், வேலை போனவன் கோபப்படுவான், தெருவில் இறங்குவான், புரட்சி வரும் என்று நம்பினார்கள். லாசர்ஸ்ஃபெல்டும் யாஹோடாவும்கூட அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான். அவர்கள் பார்த்தது வேறு. கோபம் வரவில்லை, சோர்வு வந்தது. கூட்டங்களுக்கு வருவது குறைந்தது. அக்கம்பக்கத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ரகசியமாக வேலை செய்கிறான் என்று மொட்டைக் கடிதம் எழுதுவது கூடியது. அதில் பல பொய்ப் புகார்கள். தங்கள் எதிர்பார்ப்புக்கு எதிரான முடிவு வந்தபோது அதை மறைக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதற்காகவே இவர்கள்மேல் எனக்கு மரியாதை.

மூன்று கிலோமீட்டர் வேகம்

நூலில் எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி இது. ஆய்வாளர்கள் கையில் கடிகாரத்தோடு ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, மதிய நேரத்தில் ஊரின் பெரிய தெருவில் போகிறவர்களைப் பார்த்தார்கள். ஆண்களில் மூன்றில் இரண்டு பேர் அந்தச் சின்னத் தெருவைக் கடப்பதற்குள் இரண்டு தடவையாவது நின்றார்கள். நிற்காமல் போனவர்களின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். 33 ஆண்கள், 17 பெண்கள். ஆண்களில் 18 பேர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனார்கள். பெண்களில் 10 பேர் 5 கிலோமீட்டர் வேகத்தில். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே மாதிரி வறுமை.

இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். 100 ஆண்களில் 88 பேர் கையில் கடிகாரம் இல்லை. அதில் 31 பேருக்கு வீட்டில் கடிகாரம் இருந்தது, கட்டிக்கொள்ளவில்லை.

இதைப் படித்தபோது என் இடது கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் பட்டையின் வெள்ளைத் தடம்கூட மறைந்துவிட்டிருந்தது. கடிகாரம் பீரோவில் இருக்கிறது. எப்போது கழற்றினேன் என்று நினைவில்லை. பிறகு செல்போனை எடுத்தேன். நடக்கும் வேகத்தை அது நாம் கேட்காமலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். வேலை இருந்தபோது மாதச் சராசரி 4.9 கிலோமீட்டர். போன மாதச் சராசரி 3.8. ஜன்னலுக்குப் பின்னால் யாரும் உட்கார வேண்டிய அவசியமே இல்லாமல் என்னை நானே அளந்து வைத்திருக்கிறேன்.

ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, நேற்று எந்த மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஆண்களால் மூன்று விஷயங்களைத் தவிர எதையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது. நடுவில் இருந்த நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை. 33 வயதுத் தொழிலாளி ஒருவர் காலை நேரத்துக்கு எதிரே எழுதிய சொற்கள் அந்த நூலில் மிகவும் பேர் வாங்கியவை. 1988-இல் காரின் பிராண்டவர் என்ற இயக்குநர் மரியன்டாலைப் பற்றி எடுத்த திரைப்படத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார். தமிழில் சொன்னால், "அதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது."

பெண்கள் எழுதிய தாள்கள் நிரம்பி வழிந்தன. ஆலையில் அவர்களுக்கும்தான் வேலை போனது. ஆனால் சமையல், துவைப்பு, தையல், பிள்ளைகள், முன்பைவிடக் கால்வாசிப் பணத்தில் குடும்பத்தை ஓட்டுவது என்று அவர்களுடைய நாளுக்கு ஒரு அமைப்பு இருந்தது. சம்பளம் போனது, வேலை போகவில்லை. இருந்தும் அவர்களில் பலர், காசுக்காக மட்டுமில்லை, ஆலையில் நாலு பேரோடு இருந்த அந்த வாழ்க்கைக்காகவும் திரும்பிப் போகவேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு புகார், வேலை வெட்டி இல்லாத கணவன் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வருவதில்லை என்பது.

எங்கள் வீட்டிலும் இதே புகார் உண்டு. என் மனைவி பள்ளி ஆசிரியை. ஒரு சனிக்கிழமை காலை கறிவேப்பிலை, தேங்காய் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். கடை நாலு கட்டடம் தள்ளி. திரும்பி வந்தபோது கேட்டாள்: "ரெண்டு மணி நேரமாச்சு. எங்கங்க போனீங்க?" எனக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. யாரையும் பார்க்கவில்லை, எங்கும் போகவில்லை. வழியில் எங்கோ நின்றிருக்கிறேன். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கோபம்கூட வந்தது. மரியன்டால் தாள்களைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி அவளிடம் அந்தப் பகுதியை மொழிபெயர்த்துச் சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "சரி, நாளைலேர்ந்து நீங்களும் அந்த மாதிரி ஒரு தாள் எழுதுங்க" என்றாள்.

நான்கு வகைக் குடும்பங்கள்

ஆய்வாளர்கள் 100 குடும்பங்களை நெருக்கமாகப் பார்த்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். 16 குடும்பங்கள் உடையாதவை. வீடு ஒழுங்காக இருந்தது, பிள்ளைகளைக் கவனித்தார்கள், எதிர்காலத்துக்குத் திட்டம் வைத்திருந்தார்கள், வேலை தேடுவதை விடவில்லை. 48 குடும்பங்கள் அடங்கிப்போனவை. வீடும் பிள்ளைகளும் ஒழுங்குதான், ஆனால் திட்டம் எதுவும் இல்லை, எதையும் எதிர்பார்க்கவில்லை. 11 குடும்பங்கள் விரக்தியில் இருந்தன. வீட்டை நடத்தினார்கள், ஆனால் முன்பிருந்த வாழ்க்கையை நினைத்து நினைத்துக் குமைந்தார்கள். மிச்சம் 25 குடும்பங்கள் எல்லாவற்றையும் கைவிட்டவை. வீடு, பிள்ளை, உடம்பு எதைப் பற்றியும் அக்கறை இல்லை.

இது மனவலிமை சம்பந்தப்பட்டது, சிலர் திடமானவர்கள், சிலர் பலவீனமானவர்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, பக்கத்திலேயே வருமானத்தையும் போட்டார்கள். சாப்பிடும் ஆட்களின் கணக்கில் வகுத்தால், தலைக்கு மாத வருமானம் உடையாத குடும்பங்களில் 34 ஷில்லிங். அடங்கிப்போனவற்றில் 30. விரக்தியில் 25. கைவிட்டவற்றில் 19. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் சில ஷில்லிங்தான் வித்தியாசம். அந்தச் சில ஷில்லிங்கில்தான் சர்க்கரையா சாக்கரினா, பிள்ளையின் செருப்பைத் தைக்கக் கொடுக்க முடியுமா முடியாதா என்பதெல்லாம் தீர்மானம் ஆனது. உதவித்தொகை படிப்படியாகக் குறையும் என்பதால், இன்றைக்கு உடையாத குடும்பம் நாளைக்கு அடுத்த படிக்கு இறங்கும் என்பதையும் அவர்கள் கவனித்தார்கள்.

வேலை போனவர்களுக்கு அறிவுரை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. "பாசிட்டிவா இருங்க சார், இது ஒரு வாய்ப்பு." எனக்கும் நிறையச் சொன்னார்கள். அவர்களிடம் இந்த நான்கு எண்களைக் காட்டத் தோன்றுகிறது. நான் ஐந்து மாதமாக இன்னும் நிமிர்ந்து இருக்கிறேன் என்றால், கம்பெனி கொடுத்த இழப்பீடும், பி.எஃப். பணமும், மனைவியின் சம்பளமும், அப்பா கட்டிய வீடும்தான் காரணம். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. நாற்பதாயிரம் கட்டிக்கொண்டிருக்கும் என் பழைய டீமில் ஒருவனுக்கு அதே வேலை அதே நாளில் போனது. அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் மனவலிமையில் இல்லை.

அதே சமயம் வருமானம் மட்டும்தான் எல்லாம் என்றும் அந்த நூல் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு போட வேண்டிய துண்டு நிலத்தில் ரோஜாவும் டியூலிப்பும் வைத்தவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடான ஒரு குடும்பம், தெருவில் விற்க வந்தவனிடம் வெனிஸ் நகரப் படம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டது. ஆய்வாளர்கள் இதை ஊதாரித்தனம் என்று எழுதவில்லை. பழைய வாழ்க்கையின் ஒரு நூலையாவது விடாமல் பிடித்துக்கொள்வது என்றுதான் புரிந்துகொண்டார்கள்.

எழுதியவர்களுக்கும் வேலை போனது

நூல் 1933-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெளியானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்ட வருஷம். எழுதியவர்கள் யூதர்கள் என்பதால் முகப்பில் பெயர் போடாமல் வெளியிட்டார்கள். அப்படியும் அச்சான பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன.

லாசர்ஸ்ஃபெல்ட் அதே வருஷம் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போனவர், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெரிய பேராசிரியர் ஆனார். ஸைசல் 1938-இல் அமெரிக்கா போய், சிகாகோவில் சட்டப் பேராசிரியர் ஆனார். யாஹோடா ஆஸ்திரியாவிலேயே இருந்து, தடை செய்யப்பட்ட சோஷலிஸ்டுகளுக்காகத் தலைமறைவு வேலை செய்தார். 1936-இல் கைதானார். பல மாதச் சிறைக்குப் பிறகு 1937-இல், நாட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை செய்தார்கள். இங்கிலாந்து போனார். 1965-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியர் ஆனார். மரியன்டால் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1971-இல்தான் வந்தது. 2001-இல் யாஹோடா காலமானார்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் மறுபடியும் இந்த விஷயத்துக்கு வந்தார். 1982-இல் வெளியிட்ட நூலில், சம்பளத்தைத் தவிர வேலை நமக்குத் தெரியாமலேயே ஐந்து விஷயங்களைத் தருகிறது என்றார். நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு. தனி ஆளைவிடப் பெரிய ஒரு நோக்கத்தில் பங்கு. சமூகத்தில் ஒரு அடையாளம். கட்டாயமாகச் செய்யவேண்டிய செயல். வேலையைத் திட்டிக்கொண்டே போகிறவனுக்கும் இந்த ஐந்தும் கிடைத்துக்கொண்டிருக்கும். வேலை போகும்போது சம்பளம் போனது உடனே தெரியும். மற்ற ஐந்தும் போனது தெரியவே சில மாதம் ஆகும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. மரியன்டாலில் ஊருக்கே சேர்ந்து வேலை போனது. என் அபார்ட்மென்ட்டில் எனக்கு மட்டும் போனது. காலை எட்டரைக்கு எல்லோரும் லிஃப்டில் இறங்கும்போது நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். "என்ன சார், ஒர்க் ஃப்ரம் ஹோமா?" என்று செக்யூரிட்டி அண்ணன் கேட்டபோது "ஆமா" என்று பொய் சொன்னேன். ஐந்தில் அந்த நாலாவது, அடையாளம், அன்றைக்குத்தான் போனது.

அதே ஊரில், 90 வருஷம் கழித்து

கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. 2020 அக்டோபரில் அதே கிராமட்நொய்சீடலில் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கும் யாராக இருந்தாலும், விருப்பப்பட்டால், ஊதியத்தோடு வேலை உத்தரவாதம். முதலில் இரண்டு மாதப் பயிற்சி, பிறகு வேலை. தச்சுப் பட்டறை, பழைய சாமான்களைப் புதுப்பிப்பது, ஊரின் பசுமை இடங்களைப் பராமரிப்பது போன்றவை. லோயர் ஆஸ்திரியா மாநில வேலைவாய்ப்புத் துறை நடத்தியது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் மாக்சிமிலியன் காசி, லூகாஸ் லேனர் இருவரும் அளந்தார்கள்.

எங்கள் தொழிலில் ஏ-பி டெஸ்ட் என்று சொல்வோமே, அதே மாதிரிதான். ஒத்த ஆட்களை ஜோடி சேர்த்து, குலுக்கல் முறையில் ஒருவரை முதல் குழுவிலும் இன்னொருவரைச் சில மாதம் கழித்துத் தொடங்கும் குழுவிலும் போட்டு ஒப்பிட்டார்கள். யாஹோடாவின் பட்டியலையும் கேள்விகளாக்கி அளந்தார்கள். வேலையில் சேர்ந்தவர்களின் வருமானம் மட்டுமில்லாமல் நேர ஒழுங்கு, மனிதத் தொடர்பு, தன்மதிப்பு எல்லாம் தெளிவாக உயர்ந்தன. உடல் ஆரோக்கியத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 1932-இல் 24, 25 வயதுப் பிள்ளைகள் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, 90 வருஷம் கழித்து அதே ஊரில் எதிர்த் திசையிலிருந்து சரிபார்த்திருக்கிறார்கள்.

என் தாள்

மனைவி சொன்னபடி எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் தாளில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எழுத ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்ப்பது சுகமாக இல்லை. ஆனால் அதைப் பார்த்தபிறகுதான், எனக்கு வேண்டியது ஊக்கம் இல்லை, ஒரு கால அட்டவணை என்று புரிந்தது. இப்போது காலை பத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இருக்கிறேன். ஒன்றரை வரை வேலைக்கு விண்ணப்பம், நேர்முகத் தேர்வுக்குப் படிப்பு, நடுவில் இந்த மாதிரி ஆராய்ச்சி. வேலை போன பழைய சகாக்கள் நாலு பேர் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கேயே சந்திக்கிறோம். ஒருவருக்கொருவர் மாக் இன்டர்வியூ நடத்துகிறோம். இ.எம்.ஐ. கட்டும் அந்தப் பையனும் வருகிறான். அவன் வராத நாளில் போன் செய்து கூப்பிடுவது என் பொறுப்பு.

இதனால் வேலை கிடைத்துவிடாது. நாற்பத்தாறு வயசுக்காரனுக்குப் போன வாரம்கூட ஒரு இடத்தில் "ஓவர் குவாலிஃபைடு" என்றுதான் பதில் வந்தது. மரியன்டாலில் உடையாத 16 குடும்பங்களின் ஆட்களும் மனதைத் திடமாக வைத்திருந்ததால் மட்டும் வேலை வாங்கிவிடவில்லை. ஆலை மூடியதற்கு அவர்கள் காரணமில்லை, திறக்கவும் அவர்களால் முடியாது. நேரத்தைக் கையில் வைத்திருப்பது மட்டும்தான் அவர்களால் முடிந்தது. அதுவும் அந்தச் சில ஷில்லிங் மிச்சம் இருந்தவரைக்கும்.

செக்யூரிட்டி அண்ணனிடம் போன மாதம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எங்க பழைய கம்பெனி மூடினப்போ நானும் எட்டு மாசம் சும்மாதான் சார் இருந்தேன்" என்றார். அவருக்கு முன்பு ஒரு கம்பெனி இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன்.

கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக் கட்டிக்கொண்டேன். நேற்றைய தாளில் வெற்றிடம் அரை மணி நேரம்தான். காய் வாங்கப் போய்வந்தது இருபது நிமிஷம்.